விஷம் தின்ற கிருமிகளும் தப்பாய்ப் போன ஒரு கடிதமும்

ஆய்வு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், பணிக்காலத்தில் கண்டுபிடித்தவற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் கண்டுபிடித்தது கொஞ்சம்தான். அதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது, எடுத்துப் படித்துக்கொள்ளலாம். எந்த அறிக்கையிலும் இல்லாத ஒன்றை இன்றைக்குச் சொல்கிறேன். மண்ணில் ஊறிய விஷத்தைத் தின்னும் பாக்டீரியாக்களை நம்பி, ஒரு குடும்பத்துக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் கதை.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு சின்ன மண் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து எனக்கு மூன்றாவது வருஷம். குடியிருந்தது அம்மாபேட்டையில். இரண்டு பக்கமும் தறி ஓடும் வீடுகள். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் மாமியார், "முதல்ல சேலைய மாத்திக்கிட்டு வா, அந்த மருந்து வாடையோட அடுப்படிக்கு வராத" என்பார். அவர் சொன்ன வாடை பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பொடியின் வாடை.

அந்தப் பொடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் காலத்தில் அது இல்லாத தோட்டம் கிடையாது. நெல்லுக்குத் தூவினார்கள், நிலக்கடலைக்குத் தூவினார்கள், கோழிக்குச் செள்ளுப் பூச்சி பிடித்தால் இறக்கைக்குள் தேய்த்தார்கள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு குளோரின் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் குளோரின் கழன்றால்தான் விஷம் சாகும், ஆனால் லேசில் கழலாது. மண்ணில் போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். அங்கிருந்து புல்லுக்கும் பாலுக்கும் முட்டைக்கும் ஏறும். அதைக் கழற்றத் தெரிந்தவை மண்ணிலேயே வாழும் சில பாக்டீரியாக்கள். அவற்றைத் தேடுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

ஒரு நாள் காலையில் நல்லசாமி என்பவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற வழியில் அவருக்குத் தோட்டம். ஐம்பது வயதிருக்கும், அளந்து பேசுகிற மனிதர். ஒரு தூக்குப் போசியைத் திறந்து மேஜையில் வைத்தார். உள்ளே ஆறு அவித்த முட்டை.

"மோந்து பாருங்க. முட்டையில மருந்து நாத்தம் அடிக்குதுங்க. வாங்கறவங்க திருப்பிக் கொண்டாந்து குடுத்துப்போட்டாங்க."

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு முட்டையை உடைத்து மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, என் சேலையில் அடிக்கும் அதே வாடை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. நல்லசாமி தோட்டத்தில் இருந்த பழைய கொட்டகையை ஒரு மருந்து வியாபாரி சில வருஷம் குடோனாக வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் கூரை இறங்கி, மூட்டைகள் நனைந்து கட்டிப்போயின. வியாபாரி கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். மூட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நல்லசாமி அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார். அதன் மேல்தான் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

அவர் கேட்டது ஒரே கேள்வி. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கோழிப்பண்ணை போடுகிறார்கள். அவரும் போட வேண்டும். கிணற்றுக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் பக்கத்தில் இருக்கும் மேட்டு நிலம் அது ஒன்றுதான். அந்த இடத்தில் போடலாமா?

நானும் இரண்டு உதவியாளர்களும் போனோம். மூட்டைகளைத் தோண்டி எடுத்து டிரம்களில் அடைத்து மூடினோம். மண்ணில் ஊறியது மீதி இருந்தது. அங்கே ஒரு பிடி மண்ணும், ஒப்பிட்டுப் பார்க்க விஷம் படாத கிணற்றோரத்தில் ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கொண்டேன். நல்லசாமியின் மனைவி பாவாயி அன்றுதான் எனக்குப் பழக்கமானார். நான் மண்ணை மண்கரண்டியால் அள்ளிச் சீட்டு எழுதி ஒட்டுவதை இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, மண்ணுக்குமா பேரு எழுதுவாங்க?"

"பேர் எழுதலைன்னா எது யாரோட மண்ணுன்னு தெரியாமப் போயிடும் அக்கா."

"அதுஞ் செரிதான்" என்றார்.

அந்த விஷ மண்ணில்தான் என் பாக்டீரியா கிடைத்தது. கிருமி வளர்க்கும் ஊட்டத் தட்டில் பொடியைக் கலந்தால் அது பால் மாதிரி மங்கலாக இருக்கும். பொடியைத் தின்னும் பாக்டீரியா அதில் வளர்ந்தால், தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தைத் தெளியவைத்துவிடும். ஐந்தாம் நாள் காலை தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மங்கலுக்கு நடுவே கண்ணாடி மாதிரி மூன்று வட்டம். அன்றைக்கு நான் வேறு வேலையே செய்யவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்தித் தட்டைக் காட்டினேன். அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் வரும். வரவேண்டும். அது வந்த வாரத்தில் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது, அவை எவ்வளவு வேகமாகத் தின்கின்றன என்று பார்க்க வேண்டும். விஷத்தையே நேராக அளக்கும் கருவி எங்களிடம் கிடையாது. வெளியூருக்கு அனுப்பினால் முடிவு வர மாதக்கணக்காகும். நான் குறுக்கு வழி ஒன்று பிடித்தேன். விஷத்திலிருந்து கழன்ற குளோரின் தண்ணீரில் குளோரைடாகக் கிடக்கும். நாம் சோற்றுக்குப் போடும் உப்பில் இருப்பதும் அதே குளோரைடுதான். அந்தத் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டினால் மோர் மாதிரி வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு குளோரின் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். கிருமிகளுக்குச் சொந்த ஊர்த் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்து, நல்லசாமி தோட்டத்து மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் குடுவையில் விட்டு அதில் வளர்த்தேன். வாரத்துக்கு வாரம் வெள்ளை கூடிக்கொண்டே போனது. கணக்குப் போட்டேன். நாலு மாதத்தில் மண் சுத்தமாகிவிடும் என்று வந்தது.

வாளி வாளியாக வளர்த்துக் கொண்டுபோய் அந்த மண்ணில் ஊற்றினோம். நாலு மாதம் கழித்து மண்ணை எடுத்து ஊறவைத்து அதே சோதனை செய்தேன். தண்ணீர் நன்றாக வெளுத்தது. குனிந்து மண்ணை மோந்தால் வாடையும் இல்லை. வெயிலில் மேல்மண் காய்ந்ததால் வாடை போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. "இனி அந்த இடத்தில் கோழி வளர்க்கலாம்" என்று கடிதம் எழுதினேன். பிரிவுத் தலைவர் என்னை நம்பினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அறிக்கைக்குப் படம் எடுக்க நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். அந்த மேட்டில் கருங்கல் கால் நட்டு, ஓலை வேய்ந்து கொட்டகை எழும்பியிருந்தது. சுற்றிலும் கம்பிவலை. திங்கட்கிழமை முந்நூறு குஞ்சு வருகிறது என்றார் நல்லசாமி. அவர் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் பாவாயக்கா கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் மண்ணில் இருக்கின்றன, அவை விஷத்தைத் தின்றுவிட்டு உப்பை விட்டுவிடும், அந்த உப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்று.

அவர் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தார்.

"உப்புங்களா? எங்க கெணத்துத் தண்ணியே உப்புத்தானுங்க அம்மிணி. பருப்பு வேகாது, சோப்புப் போட்டா நொரைக்காது. குடிக்கறதுக்கு அக்கட்ட, பக்கத்துத் தோட்டத்துல இருந்துதான் கொண்டாரோம். இதுல எது பூச்சி உட்ட உப்பு, எது எங்க உப்புன்னு எப்படிங்க பிரிச்சீங்க?"

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே குடுவையில் விட்டேன். அந்த மண்ணைத்தானே ஊறவைத்தேன். நான் பிரித்துப் பார்க்கவே இல்லை.

"அதுக்கு வழி இருக்குது அக்கா" என்று சொல்லிவிட்டு மீதிச் சோற்றை எப்படியோ விழுங்கினேன். வேறொன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

வழி இருந்தது உண்மை. கிணற்றோரத்தில் எடுத்த அந்த நல்ல மண், சீட்டு ஒட்டிய பொட்டலத்தில், என் அலமாரியிலேயே இருந்தது. முதல் நாளே சோதித்திருக்க வேண்டும். இத்தனை மாதமும் தொடாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை அதை ஊறவைத்து, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினேன். விஷம் படாத மண், என் பாக்டீரியா படாத மண். அதுவும் மோராக வெளுத்தது.

பிறகு பழைய குடுவைகளை எடுத்துப் பார்த்தேன். பஞ்சு அடைத்த குடுவைகள். சேலத்து வெயிலில் தண்ணீர் கால்வாசிக்கு மேல் சுண்டிப்போயிருந்தது. சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பது ரசம் வைக்கிறவர்களுக்குத் தெரியும். வாரத்துக்கு வாரம் கூடிய வெள்ளை அதுதான். கடிதத்துக்குக் கீழே நிற்கும் ஆதாரம் முழுக்கக் கிணற்று உப்பு.

அன்று மத்தியானமே நான் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. தலைவரிடம் சொல்லாமல் எப்படிப் போவது, இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம், எழுதிக் கொடுத்ததை வாயால் எப்படி மாற்றுவது என்று ஆயிரம் காரணம். ஞாயிறு முழுக்க வீட்டில் துணி துவைத்தேன். துவைத்ததையே திரும்பத் துவைத்தேன்.

திங்கள் காலை தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தைரியசாலி இல்லை. மேலிடத்துக் கடிதம் வந்தால் பிரிக்கவே பயப்படுகிற மனிதர். பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பார், அதனால் சேலத்தைத் தாண்டிப் போகவே மாட்டார்.

"தபால்ல எழுதிப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டேன்.

"குஞ்சு இன்னிக்கு வருதுன்னு சொன்னியேம்மா. தபால் எப்பப் போய்ச் சேரும்?" என்றார். பியூனைக் கூப்பிட்டு இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார். "கடிதத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்குல்ல. வா, போகலாம்."

ராசிபுரம் போவதற்குள் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குஞ்சுகள் வந்துவிட்டன. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள் வேப்பமர நிழலில் வரிசையாக இருந்தன. உள்ளே முந்நூறும் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. நல்லசாமி முதல் பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உள்ள விட வேண்டாம்" என்றேன்.

அவர் பெட்டியோடு நின்றார். நான் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. சோதனை தப்பு, உப்பு உங்கள் கிணற்று உப்பு, மண்ணில் விஷம் இருக்கிறதா போய்விட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை, தெரியாத மண்ணில் குஞ்சு விடக்கூடாது. தலைவர் என் பக்கத்தில் வெளிறிப்போய் நின்று, "தப்பு எங்களுடையது" என்று இரண்டு தடவை சொன்னார்.

நல்லசாமி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுத்துல குடுத்தீங்களேங்க" என்றார். அவ்வளவுதான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

பாவாயக்கா என்னிடம் வந்தார். "வெள்ளிக்கெழமையே உங்க மூஞ்சி ஒரு மாதிரி போச்சுதுங்க. நானும் சோறு செரியில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கே சந்தேகமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, குஞ்சு வாரத நிறுத்தியிருப்பமே அம்மிணி."

கடிதம் எழுதியது என் முதல் தப்பு. அதைவிடப் பெரியது இது. உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று சந்தேகத்தை மூன்று நாள் பையில் போட்டு வைத்திருந்தேன். நமக்குச் சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்தே அது அவர்களுடைய விஷயம். நம் விஷயம் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் கதை.

அழுவதற்கு நேரம் இல்லை. பொரித்து ஒருநாளே ஆன குஞ்சுக்குச் சூடு வேண்டும். பாவாயக்கா பெட்டிகளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"குஞ்சு ஊட்டுக்குள்ள வரட்டும். நாங்க மாட்டுக் கொட்டாயில படுத்துக்கறோம்."

அடுத்த இரண்டு மணி நேரத்தில் கட்டில், நெல் குதிர், துணிப்பெட்டி எல்லாம் வெளியே வந்தன. சாமி படத்தை மட்டும் அக்கா இருந்த இடத்திலேயே விட்டார். தரையெல்லாம் கடலைத் தொலி பரப்பினோம். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினேன். பஸ்ஸுக்குப் பயந்த எங்கள் தலைவர், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, நிலைக்கு மேலே ஒயர் இழுத்து பல்பு தொங்கவிட்டார். கீழே இறங்கப் பார்த்தால் ஸ்டூலைச் சுற்றிலும் குஞ்சுகள். மிதித்துவிடுவோமோ என்று அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பாவாயக்கா கையால் குஞ்சுகளை ஒதுக்கி, "இப்ப எறங்குங்க சாமி, மொள்ள" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அன்றைக்கு முதன்முதலாக அக்கா சிரித்தார்.

குஞ்சுகள் ஒரு மாதம் அந்த வீட்டில் வளர்ந்தன. அதற்குள் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து கொட்டகையைப் பிரித்து, கிணற்றுக்குக் கிழக்கே தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். மேடு இல்லாததால் மண் கொட்டி உயர்த்த வேண்டியிருந்தது. கல் கால்களை இரண்டாவது தடவை நட்டவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நான் சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை மூன்று குடுவை. ஒன்றில் உயிருள்ள பாக்டீரியா. இரண்டாவதில் அதையே வேகவைத்துச் சாகடித்தது. மூன்றாவதில் நல்ல மண். தண்ணீர் சுண்டினால், உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி நிரப்பினேன். என் பாக்டீரியா பொய் இல்லை. உண்மையிலேயே விஷத்தைத் தின்றது. நான் சொன்னதைவிட ரொம்ப மெதுவாகத் தின்றது.

நெல் வயல் மாதிரி தண்ணீர் தேங்கிய சேற்றில், காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் இதை இன்னும் வேகமாக உடைக்கும் என்று அப்போது தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த இடத்தை வயலாக்கிப் பார்க்கலாம் என்று பாவாயக்காவிடம் கேட்டேன். அந்தப் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றும் விளையாத மண்ணுக்குத் தண்ணீர் விடு என்று கேட்கிறேன், அதுவும் நான் கேட்கிறேன்.

அடுத்த முறை போனபோது, நாலு பக்கமும் வரப்புக் கட்டி, சாணமும் கொழுஞ்சித் தழையும் மிதித்து, முழங்கால் சேறு தயாராக இருந்தது. நல்லசாமி செய்திருந்தார். என்னோடு பேசுவதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே மனைவியிடம், "தண்ணி வத்தாமப் பாத்துக்கறேன்னு அவங்ககிட்டச் சொல்லு" என்பார். அக்கா திரும்பி அதை எனக்கு அப்படியே சொல்வார். நான் பதிலை அக்காவிடம் சொல்வேன். ஒரு வருஷம் இப்படித்தான் நடந்தது. அந்த ஒரு வருஷத்தில் சேறு ஒரு நாள்கூடக் காயவில்லை.

இந்த முறை மண்ணை வெளியூர்க் கருவிக்கே அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். முடிவு வந்தது. பி.எச்.சி. என்பது ஒரே பொருள் இல்லை, முகம் ஒன்றுபோல இருக்கிற அண்ணன் தம்பிகள் கலந்த பொடி. அதில் பெரும்பாலானவை போய்விட்டன. ஒருவன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனை உடைக்கும் பாக்டீரியா எங்களிடம் இல்லை.

இரண்டாவது கடிதம் எழுதினேன். தபாலில் போடாமல் கையில் கொண்டுபோய், இரண்டு பேரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். விஷம் நிறையக் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை, அங்கே கோழியோ மாடோ விட வேண்டாம், உண்பது எதுவும் விதைக்க வேண்டாம், எப்போது விதைக்கலாம் என்று எனக்குத் தெரியாது. "தெரியாது" என்ற சொல்லை ஆய்வுக்கூடத்துத் தாளில் எழுத வேண்டாம் என்று சில பேர் சொன்னார்கள். தலைவர்தான் இருக்கட்டும் என்றார்.

வாசித்து முடித்ததும் நல்லசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான்.

அவர்கள் அந்த இடத்தில் வேலிக்காக வேம்பு வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கிழக்கே போட்ட கொட்டகையில் கோழிகள் நன்றாக வந்தன. முட்டையில் வாடை இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள், திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். முன்பின் பார்த்ததில்லை. பருத்திக்கு மருந்தடித்த டிரம்மைக் கழுவிய தண்ணீர் அவர் கிணற்றில் இறங்கிவிட்டது. பையிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது கெட்டுப்போன கெணறுங்க. இது பக்கத்துத் தோட்டத்து நல்ல கெணறு. ரெண்டும் கொண்டுபோகோணும்னு நல்லசாமியண்ணன் சொல்லியுட்டாருங்க."

அவர் ஊருக்கு ஈரோடுதான் கிட்டத்தில். அங்கே எங்களைவிடப் பெரிய இடங்கள் உண்டு. எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் அண்ணன்கிட்டக் கேட்டனுங்க. அவிங்க தப்பாச் சொல்லிப்போட்டாலும், நேர்ல வந்து தப்புன்னு சொல்லுவாங்க, நீ அங்கயே போன்னாருங்க."

நான் இரண்டு பாட்டிலுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன்.